ஊர்ச் சங்கமும் கண் முகாமும்

தமிழ்நாட்டில் கடைத்தெரு என்று சொல்லத்தக்க ஒன்றை உடைய எந்த ஊருக்குள் நாம் நுழைந்தாலும், எல்லையில் நிற்கும் வரவேற்பு வளைவிலோ, பேருந்து நிறுத்தத்து நிழற்குடையிலோ, அரசு ஆஸ்பத்திரி வாசலில் உள்ள குடிநீர்த் தொட்டியிலோ, அரிமா சங்கத்தின் சிங்க முகங்களையாவது ரோட்டரி சங்கத்தின் பற்சக்கரத்தையாவது பெரும்பாலும் காண்கிறோம். சின்னத்தைப் பார்த்தவர் அநேகர். அதன் பின்னால் நடக்கும் காரியங்களை அறிந்தவர் சிலர். வசதி படைத்த வியாபாரிகளும் வைத்தியர்களும் வக்கீல்களும் மாதந்தோறும் கூடி விருந்துண்டு கலையும் இடம் என்று எண்ணுவோரும், ஏழைகளுக்குத் தையல் இயந்திரமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் வழங்கும் தர்ம ஸ்தாபனம் என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. இச்சங்கங்கள் மேற்கொள்ளும் பணிகள் பலவற்றுள் கண் சிகிச்சை முகாமை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அது எவ்விதம் நடைபெறுகிறது, அதில் சங்கத்தாரின் பங்கு யாது என்பதை விவரிக்க விரும்புகிறேன். ஏனெனில் ஒரு சங்கம் மெய்யாக உழைக்கிறதா என்பதை இந்த ஒரு பணியைக் கொண்டே நிர்ணயித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வகைச் சங்கங்கள் தோன்றியது அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில். கிராமப்புறத்தில் வளர்ந்து, பெருநகரத்துக்கு வந்து வக்கீல் தொழில் நடத்திய பால் ஹாரிஸ் என்பவர், அத்தனை பெரிய நகரத்தில் மனம் விட்டுப் பேச நண்பர் இல்லாத குறையைப் போக்கிக்கொள்ள எண்ணி, 1905ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23ஆம் தேதி வேறு மூவரோடு கூடினார்; ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அங்கத்தினரின் அலுவலகத்தில் சுழன்று சுழன்று கூடியதால் ரோட்டரி என்ற பெயர் அதற்கு அமைந்தது. அதே நகரத்தில் இன்ஷ்யூரன்ஸ் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ், தொழில் விருத்திக்காகவே கூடிக்கொண்டிருந்த வியாபாரிகளின் சங்கங்களைப் பார்த்து, இந்தத் திறமையும் ஊக்கமும் ஊராரின் நன்மைக்கும் ஏன் பயன்படக் கூடாது என்று கேட்டதன் பயனாக, 1917இல் அரிமா சங்கம் உதயமாயிற்று. சென்னையில் ரோட்டரி 1929இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் அரிமா சங்கம் 1956இல் பம்பாயில் அமைந்தது.

அரிமா சங்கத்தார் கண்ணைத் தங்கள் பணியாக வரித்துக்கொண்டதற்கு ஒரு பெண்மணியின் பேச்சே காரணம். பார்வையும் செவிப்புலனும் குழந்தைப் பருவத்திலேயே இழந்தும், கல்வியால் உலகம் போற்றும் நிலையை எய்திய ஹெலன் கெல்லர் அம்மையார், 1925ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் தேதி, ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள சீடர் பாயிண்ட் என்னும் இடத்தில் கூடிய அரிமா மாநாட்டில், இருளுக்கு எதிரான போரில் பார்வையற்றோரின் பக்கம் நின்று போராட வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார். மாநாட்டு மேடைகளில் விடுக்கப்படும் அழைப்புகள் எத்தனையோ கைதட்டலோடு முடிந்துவிடுகின்றன. இந்த அழைப்பு அவ்விதம் முடியவில்லை. 1930இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரத்து அரிமா சங்கத் தலைவர் ஒருவர், பார்வையற்ற மனிதர் ஒருவர் கறுப்புத் தடியை ஊன்றிக்கொண்டு வண்டிகளின் நடுவே வீதியைக் கடக்க முடியாமல் தவிப்பதைக் கண்டு, ஓட்டுநர்களின் பார்வையில் படும்படி தடிக்கு வெள்ளை வர்ணம் பூசும் யோசனையைச் சங்கத்தின் முன் வைத்தார். நம் ஊர் வீதிகளிலும் நாம் காணும் வெள்ளைக் கைத்தடி பரவியதில் அந்தச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சங்கத்தின் உள்ளமைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆண்டுக் கணக்கு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முடிவில் நிறைவு பெறும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் ஓராண்டுக்கே பதவி வகிப்பது பொதுவான வழக்கம். அங்கத்தினர் செலுத்தும் சந்தாவிலிருந்து நிர்வாகச் செலவை நடத்திக்கொள்ள வேண்டும். சேவைக்கென்று பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை அதற்காகத் தொடக் கூடாது, அது முழுவதும் பொதுப் பணிக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அரிமா சங்கத்தின் விதி. இந்த இரண்டு கணக்குகளும் தனித்தனியே எழுதப்படுகின்றனவா என்று நன்கொடை கேட்டு வருபவர்களை எவரும் தாராளமாகக் கேட்கலாம். கேட்பதில் அவமரியாதை ஏதுமில்லை.

இனி முகாமுக்கு வருவோம். நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், இளமையில் ஸ்படிகம் போலத் தெளிவாக இருந்து, வயது ஏற ஏற மங்கிப் பால் நிறம் அடைவதைத்தான் கண்புரை என்கிறோம். மருந்தால் இது கரைவதில்லை. மங்கிய லென்ஸை அகற்றுவது ஒன்றே வழி. முற்காலத்தில் லென்ஸை முழுவதும் எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்புவார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஊரார் சொல்லிவந்த அந்தக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால், அறுவை செய்துகொண்டவர் மறுபடியும் ஏறக்குறைய இருட்டிலேயே தடவ வேண்டியவர்தாம். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை உடைந்து அதன் துணுக்குகள் கண்ணில் பாய்ந்த விமானிகளை லண்டனில் பரிசோதித்த ஹெரால்டு ரிட்லி என்ற வைத்தியர், அத்துணுக்குகளால் கண்ணுக்குள் அழற்சி உண்டாகவில்லை என்பதைக் கவனித்து, அதே வகைப் பொருளால் ஒரு லென்ஸைச் செய்து கண்ணுக்குள்ளேயே பொருத்தலாம் என்று 1949இல் செய்து காட்டினார். ஆயினும் அந்த லென்ஸ் ஏழை நோயாளிக்கு எட்டாத விலையில் நெடுங்காலம் இருந்தது.

எட்டும் விலைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் மதுரைக்காரர்கள். எட்டயபுரத்துக்கு அருகில் வடமலாபுரம் என்னும் கிராமத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இளமையிலேயே கடுமையான முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன நிலையிலும், அந்த விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கொடுப்பவர்களிடம் பெறும் கட்டணத்தைக் கொண்டு கொடுக்க இயலாதவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்யும் முறையில் வளர்ந்தது; 1992இல் அதைச் சேர்ந்த ஆரோலேப் தொழிற்சாலை லென்ஸை மதுரையிலேயே மலிவாகச் செய்யத் தொடங்கிற்று. அதே காலத்தில், அரிமா சங்கத்தின் சர்வதேச அறநிதியின் உதவியோடு, கண் மருத்துவ நிர்வாகத்தைப் பிற நாட்டாருக்கும் போதிக்கும் பயிற்சி நிலையம் ஒன்று அரிமா, அரவிந்த் ஆகிய இரு பெயர்களையும் தாங்கி மதுரையில் எழுந்தது.

வைத்தியரும் லென்ஸும் மருத்துவமனையும் இருக்கும்போது உள்ளூர்ச் சங்கம் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. தென்னிந்தியக் கிராமங்களில் கண் முகாம் நடந்தபின் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது, கண்ணில் குறை உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. சிகிச்சை இலவசம், இருந்தும் வரவில்லை. பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று அவர்கள் சொன்ன காரணங்களை மருத்துவமனை எட்டத்தில் இருந்துகொண்டு தீர்க்க முடியாது. அந்த ஊரை அறிந்தவர், அந்த வாசற்படியில் போய் நின்று தீர்க்க வேண்டும்.

நல்ல முகாம் ஒன்று குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. பள்ளித் தலைமையாசிரியரிடம் வகுப்பறைகளுக்கு அனுமதி, துண்டுப் பிரசுரம், ஆட்டோவில் ஒலிபெருக்கி, கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அறிவிப்பு ஆகியவை எல்லாரும் செய்பவை. பிரசுரத்தில் முகவரிச் சான்றின் நகல் கொண்டு வரவும், தலைக்குக் குளித்து வரவும், தங்குவதற்கு மாற்றுடை எடுத்து வரவும், சர்க்கரை வியாதிக்கு மருந்து உட்கொள்பவர்கள் அந்த மருந்தையும் சீட்டையும் உடன் கொண்டு வரவும் என்று அச்சிட்டிருக்கும். கண் தெரியாதவரால் இதைப் படிக்க இயலாது என்பது எல்லாரும் அறிந்தது. படித்துச் சொல்லும் மகனோ வேலை தேடித் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போயிருப்பான். ஆகவே உழைக்கிற சங்கத்தார் பிரசுரத்தை நம்பி இருப்பதில்லை. மாலை வேளைகளில் இரண்டிரண்டு பேராகக் கிராமங்களுக்குப் போகிறார்கள்.

அவ்விதம் போன இருவரோடு நானும் ஒரு முறை சென்றேன். ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருத்தி, வந்தவர்களைக் குரலைக் கொண்டே அடையாளம் கண்டுகொண்டாள். "பஸ்சு அவங்களே விடுறாங்க ஆத்தா. சாப்பாடு இருக்கு, ஒரு பைசா செலவில்லை. நாலு நாள்ல கொண்டாந்து விட்டுருவாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். அவள் உடனே, "அதெல்லாஞ் சரி தம்பி. ரெண்டு ஆடு கட்டிக் கிடக்கே, அதுக்கு யாரு தழை ஒடிச்சுப் போடுவா?" என்று கேட்டாள். ஆசிரியர் மறுமொழி சொல்லாமல் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய், தம்மிடம் முன்னர்ப் படித்த பெண் ஒருத்தியை அழைத்துவந்து, "நாலு நாளைக்கு இந்த ஆடு ரெண்டும் உன் பொறுப்பு" என்று சொன்னார். அந்தப் பெண்ணும் "சரிங்க சார்" என்றாள். மூதாட்டியின் பெயர் பட்டியலில் ஏறிற்று. பார்வை இழந்தவருக்கும் மருத்துவமனைக்கும் இடையே நின்ற தடை இரண்டு ஆடுகள். அதை நீக்கியது, அந்த ஆசிரியர் முப்பது நாற்பது ஆண்டுகளாக அவ்வட்டாரத்தில் சம்பாதித்து வைத்திருந்த நல்லெண்ணம். சங்கத்தின் மெய்யான மூலதனம் இதுவே என்றும், வங்கியில் இருக்கும் ரொக்கம் இதற்கு அடுத்தபடிதான் என்றும் நான் கருதுகிறேன்.

முகாம் நாளன்று காலையில் மருத்துவமனையின் வாகனம் வந்து நின்றதும், வகுப்பறைகள் ஒவ்வொன்றும் ஒரு பரிசோதனைக் கூடமாக மாறுகின்றன. வராந்தாவில் பெயர்ப்பதிவு, அடுத்த அறையில் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வைச் சோதனை, எழுத்துத் தெரியாதவர்களுக்கு விரல்களை எண்ணச் சொல்லுதல், பின்னர்க் கண் நீர் அழுத்தம், கண்ணீர்ப் பை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய சோதனைகள், கடைசியில் வைத்தியரின் தீர்மானம். கண்ணாடி மாத்திரம் போதும் என்றால், பெரும்பாலும் அங்கேயே லென்ஸைத் தேய்த்துப் பொருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். கண் நீர் அழுத்த நோயோ, சர்க்கரையால் விழித்திரையில் கோளாறோ தென்பட்டால், அது முகாமோடு தீரும் விஷயமல்ல, விடாமல் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும் என்று எடுத்துச் சொல்கிறார்கள். புரை உள்ளவர்களைத் தனியே உட்கார வைத்துப் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். புரை முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நம் பாட்டிமார் சொல்வது பழைய அறுவை முறையின் காலத்தில் பொருந்தியிருக்கலாம்; இன்று முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை, மிகவும் முற்றவிட்டால் அறுவை கடினமாவதோடு கண் நீர் அழுத்தம் ஏறிப் பார்வைக்கே கேடு வருவதும் உண்டு.

முன்பு அறுவைகளையும் பள்ளிக் கட்டடத்திலேயே செய்துவந்தார்கள். சுத்தம் குறைந்து கிருமி புகுந்தால் கண்ணே போய்விடும் என்ற காரணத்தால், இப்போது நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கே கொண்டுபோய், அங்கே அறுவை செய்து, சில நாட்களில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு சங்கம் இன்றும் கல்யாண மண்டபத்தில் அறுவை நடத்துவதாகச் சொன்னால், அங்கே யாரையும் அனுப்ப வேண்டாம் என்றே வாசகர்களுக்குச் சொல்வேன். பஸ் புறப்படும் வேளை முகாமின் கடினமான வேளை. காலையில் சம்மதித்தவர் மாலையில் மனம் மாறி இறங்கிவிடுவார். மகனைக் கேட்க வேண்டும் என்பார். கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னதாகக் கண் கலங்குவார். ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரை அழைத்துவந்து, அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களோடு பேச வைப்பதைக் காட்டிலும் பயனுள்ள உபாயம் வேறில்லை என்று அநுபவசாலிகள் சொல்கிறார்கள்.

நோயாளிகள் ஊர் திரும்பியபின் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து நடத்தவேண்டிய மறு பரிசோதனைதான் சங்கத்தின் உரைகல். முகாம் நாளில் பந்தல் இருக்கும், பிரமுகர்கள் இருப்பார்கள், பொன்னாடையும் புகைப்படமும் இருக்கும். மறு பரிசோதனை நாளில் இவை ஒன்றும் இருப்பதில்லை. சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டார்களா, கண் சிவந்திருக்கிறதா, கண்ணாடி தேவைப்படுகிறதா, வராதவர் ஏன் வரவில்லை என்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் விடாமல் தேடிப் போகும் சங்கங்கள் இருக்கின்றன. முகாமின் எண்ணிக்கையை மேலிடத்துக்கு அனுப்பியதோடு மறந்துவிடும் சங்கங்களும் இருக்கின்றன. இதற்கு ஓராண்டுப் பதவி முறையும் ஒரு காரணம். புதிய தலைவர் தம் ஆண்டுக்கென்று ஒரு புதிய திட்டத்தை விரும்புவது இயல்பு. ஆனால் கண் முகாம் போன்ற பணி ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஆண்டுதோறும் தவறாமல் நடந்தால்தான் ஜனங்களிடம் நம்பிக்கை வேரூன்றும். தலைவர் யார் மாறினாலும் முகாமின் பொறுப்பை ஒரே அங்கத்தினரிடம் பல ஆண்டுகள் விட்டுவைக்கும் சங்கங்களே இதில் சிறந்து விளங்குகின்றன.

பெண்கள் சங்கத்துக்குள் வந்ததும் இந்தப் பணிக்குப் பெரிய பலம். அரிமா சங்கம் 1987இலும் ரோட்டரி 1989இலும்தான் உலகெங்கும் பெண்களை அங்கத்தினராக ஏற்றன. வீட்டில் தாத்தாவின் கண்ணுக்கு உடனே வைத்தியம் பார்ப்பவர்கள், பாட்டி சமையற்கட்டுக்குள்ளேயே தடவித் தடவிக் காலம் தள்ளிவிடுவாள் என்று விட்டுவிடுகிறார்கள். அடுப்பங்கரை வரைக்கும் போய் அவளிடம் பேச ஆண்களால் ஆகாது; பெண் அங்கத்தினரால் ஆகும்.

ரோட்டரி சங்கத்தார் இதே விதமாக வாசற்படி ஏறி இறங்கிய வேறொரு பணி இளம்பிள்ளை வாத ஒழிப்பு. 1985இல் உலகெங்கும் அவர்கள் தொடங்கிய அந்த முயற்சி, அரசாங்கத்தோடும் உலகச் சுகாதார ஸ்தாபனத்தோடும் இணைந்து, சொட்டு மருந்து நாட்களில் சாவடி அமைத்தும், குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தும், விடுபட்ட வீடுகளைத் தேடியும் நடந்தது. இயற்கையாகப் பரவும் கிருமியால் அந்நோய் கண்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று, இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பிராந்தியம் அந்நோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது.

கண் தானத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புரையால் போன பார்வை அறுவையால் திரும்பும். கண்ணின் கருவிழி வெளுத்துப் போனவருக்கோ, இறந்தவர் ஒருவரின் கருவிழி கிடைத்தால்தான் வழி. இந்தியாவின் முதல் கண் வங்கி சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் 1945இலேயே ஏற்பட்டது. மரணம் நிகழ்ந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அந்த ஆறு மணி நேரமோ, அழுகுரலும் உறவினர் வருகையும் நிறைந்த நேரம். அப்போது அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மூத்த மகனை ஓரமாக அழைத்து, தாழ்ந்த குரலில் இதைக் கேட்பது எத்தனை கூச்சம் தரும் காரியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் இதைக் கேட்பதற்கென்றே ஓரிரு சங்கத்தார் இருக்கிறார்கள். நள்ளிரவில் தொலைபேசி மணி அடித்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்த ஒரு தொண்டுக்காகவே அவர்களை நான் வணங்கத் தயார்.

வாசகர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ, பாத்திரத்தைத் தடவி எடுக்கும் பெரியவர், எதிரே வருபவரைக் குரல் கேட்டபின் அடையாளம் காணும் பெரியவர் இருந்தால், அடுத்த முகாம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று உள்ளூர்ச் சங்கத்தில் விசாரித்து, நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் திரும்பி வரும்வரை அவருடைய ஆட்டையோ கோழியையோ பேரப் பிள்ளையையோ பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள். துக்க வீட்டில் கண் தானத்துக்கு உறவினர் இசைந்தால், மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, நனைத்த பஞ்சை அவற்றின்மேல் வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு, உடனே கண் வங்கிக்கோ சங்கத்தாருக்கோ தகவல் சொல்லுங்கள். கண்ணாடி அணிந்தவர், புரை அறுவை செய்துகொண்டவர், முதியவர் ஆகியோரின் கண்களையும் தானமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.